நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மார்புச் சுற்றளவு அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவு. உடல் நீளத்தில் தலைக்கே கால் பங்கு; வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இந்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தாலே போதும், குழந்தைச் சட்டையைப் பெரியவர் சட்டையின் சிறிய நகலாகத் தைக்க முடியாது என்று விளங்கிவிடும். தலை நுழையும் அளவுக்குக் கழுத்தை வட்டமாக வெட்டினால் சட்டை தோளில் நிற்காது, ஒரு பக்கமாக நழுவிவிடும். கழுத்துக்குப் பொருந்தும்படி வெட்டினால் தலைக்கு மேல் ஏறாது. இதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. முதுகில் முழுக்கத் திறந்து நாடா கட்டும் ஜப்லா ஒன்று. தோளில் முன் துண்டும் பின் துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பனியன் இன்னொன்று. அதைத் தலை வழியாக மட்டுமின்றிக் கால் வழியாகவும் உருவி எடுத்துவிடலாம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைக் கையில் ஏந்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்றாவது வழி, துணியையே விரிய வைப்பது. தலை நுழையும்போது அகன்று, நுழைந்த பிறகு கழுத்தளவுக்குத் திரும்பிவிடும் பின்னல் துணி.

பின்னல் துணி விரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அதே துணியில் தைத்த சட்டை விரிய மறுப்பதும் உண்டு. கையால் பின்னிய குழந்தைச் சட்டைகளில் தகராறு செய்வது பெரும்பாலும் துணியின் நடுப்பகுதி அல்ல. தோள் மூட்டு, அக்குள் மூட்டு, கழுத்தின் முடிப்பு வரிசை ஆகிய இடங்களில்தான் சட்டை சுருங்கும், இழுக்கும், அல்லது நூல் அறுந்து வாய் பிளக்கும். நேர்த்தியான தையல் என்றால் கோணாத தையல், ஒரே அளவில் விழுந்த தையல் என்றுதான் தையல் வகுப்பு நம்மைப் பழக்கியிருக்கிறது. நெய்த துணிக்கு அந்த அளவுகோல் சரி. பின்னல் துணிக்கு அது போதாது. இங்கே நேர்த்தி என்பது முதலில் நீளக் கணக்கு. துணி தனக்குள் எவ்வளவு நூலைச் சேமித்து வைத்திருக்கிறதோ, அதற்கு ஈடாக மூட்டும் சேமித்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால் பார்வைக்கு அழகு பெரும்பாலும் தானே வந்து சேர்கிறது. அழகை மட்டும் குறிவைத்துத் தைத்தால் கணக்கு வந்து சேர்வதில்லை.

இந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பருத்தி இழை அறுவதற்கு முன் தன் நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் நீளாது. அந்தப் பருத்தியில் பின்னிய பனியனோ அகலவாக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் எளிதாக நீள்கிறது. நூல் நீளாமலே துணி நீள்கிறது என்றால், நீட்சி நூலின் பொருளில் இல்லை, அது கிடக்கும் வடிவத்தில் இருக்கிறது. நெய்த துணியில் பாவும் ஊடும் ஏறத்தாழ நேர்கோட்டில் ஓடுகின்றன. இழுத்தால் நேரான நூலைத்தான் இழுக்கிறோம். பின்னலிலோ ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, முந்தைய வரிசையின் கண்ணிக்குள் நுழைந்து, மறுபடி வளைந்து அடுத்ததற்குப் போகிறது. புடவையின் கொசுவத்துக்குள் இரண்டு முழத் துணி மறைந்திருப்பதுபோல, கண்ணியின் வளைவுக்குள் நூலின் நீளம் மறைந்திருக்கிறது. இழுத்தால் கண்ணி அகலும், அகன்ற அளவுக்கு உயரம் குறையும். விட்டால், வளைந்த நூல் குறைவாக வளையவே விரும்புவதால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பாரிஸின் எகோல் நோர்மால் சுப்பீரியரைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நைலான் ஒற்றையிழையைக் கொண்டு பின்னிய துணியை இழுத்து அளந்தார்கள். நூல் நீளாது, வளைய மட்டுமே செய்யும் என்ற எடுகோளை வைத்துக்கொண்டே துணியின் நீட்சி நடத்தையை அவர்களால் விளக்க முடிந்தது.

இதற்குச் சுமார் அறுபது ஆண்டுகள் முன்பே, தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து இன்னொரு விடை வந்திருந்தது. ஆலை முதலாளிகளைப் பல காலமாக வாட்டிய கேள்வி இது: ஒரே எந்திரத்தில் பின்னிய இரண்டு துணிகள் துவைத்ததும் ஏன் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன? இங்கிலாந்தில் மண்டன் என்ற பின்னலாடை ஆய்வாளர் 1959-இல் சாதாரணப் பின்னல் துணியின் அளவுகளை ஒரே ஓர் எண்ணில் அடக்கினார். அது ஒரு கண்ணிக்குள் செலவாகும் நூலின் நீளம். எந்திரத்தின் இழுப்பு, ஊசியின் இடைவெளி எல்லாம் தற்காலிகம். துணி நீரில் நனைந்து, இழுவிசை எல்லாம் நீங்கி ஓய்வுநிலைக்கு வந்த பிறகு கண்ணியின் அகலமும் உயரமும் அந்த நூல் நீளத்துக்கு நிலையான விகிதத்தில் அமைந்துவிடுகின்றன. கம்பளித் துணியில் கண்ணி நீளத்தை 4-க்குச் சற்று மேலான எண்ணால் வகுத்தால் அகலம் கிடைக்கும். 5-க்குச் சற்று மேலான எண்ணால் வகுத்தால் உயரம் கிடைக்கும். இதிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டு செய்திகள் வருகின்றன. முதலாவது, ஒரு சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நூலை விழுங்கி வைத்திருக்கிறது. துணியின் சேமிப்பு அதுதான். இரண்டாவது, கண்ணி சதுரம் அல்ல. அதன் அகலம் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு.

கையால் பின்னும் பெண்கள் மண்டனைப் படித்திருக்க வேண்டியதில்லை. சட்டையின் முன்விளிம்பில் பொத்தான் பட்டி பின்ன, பக்கவாட்டு விளிம்பிலிருந்து புதிய கண்ணிகளை எடுக்கும்போது, நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி எடு, நான்காவதைத் தாண்டிவிடு என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் விதி. வரிசைக்கு ஒன்று என்று எடுத்தால் பட்டி அலையலையாகத் தொங்கும். இரண்டு வரிசைக்கு ஒன்று என்று எடுத்தால் இழுத்துப் பிடிக்கும். நான்கை மூன்றால் வகுத்தால் 1.33. ஆய்வகத்தில் அளந்த விகிதமும் அடுப்பங்கரைத் திண்ணையில் சொல்லிக்கொடுத்த விதியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூலின் உறையில் அச்சிட்டிருக்கும் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை என்ற கணக்கை வகுத்துப் பார்த்தாலும் 1.36 வருகிறது. இது தற்செயல் இல்லை. வளைந்த நூல் ஓய்வெடுக்கும் வடிவம் ஒன்றுதான். அதைக் கருவியாலும் அளக்கலாம், விரலாலும் அளக்கலாம். விரலால் அளந்தவர்கள் காரணத்தை எழுதி வைக்கவில்லை என்பதற்காக அவர்களுடைய அறிவைக் கைப்பழக்கம் என்று தள்ளிவிடுவது நியாயமாகப் படவில்லை. தவறினால் சட்டை கோணிவிடும் என்ற சோதனையில் தேறி வந்த விதி அது.

மூட்டு தைக்கும்போது இந்த விகிதம் நேரடியாகக் கை கொடுக்கிறது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விலாவில் சேர்க்கும்போது வரிசைக்கு வரிசை சேர்கிறது; கணக்கு ஒன்றுக்கு ஒன்று. தோளில் கண்ணிக்குக் கண்ணி சேர்கிறது. அங்கும் ஒன்றுக்கு ஒன்று. கையைத் தோள் குழியில் பொருத்தும் இடத்தில்தான் சிக்கல். கையின் மேல்விளிம்பு கண்ணிகளால் ஆனது, உடலின் விளிம்பு வரிசைகளால் ஆனது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று தைத்தால், கண்ணி அகலம் என்பதால் கைப்பகுதி புடைத்து நிற்கும், உடல் பகுதி இழுபடும். குண்டூசிகள் குத்தி, ஒன்றை இழுத்து இன்னொன்றைத் தளர்த்திச் சரிக்கட்டுவதை எல்லாத் தையல்காரர்களும் செய்வார்கள். அந்தச் சமரசம் முதல் சலவை வரைக்கும்தான் தாங்கும். நீரில் நனைந்ததும் கண்ணிகள் தங்கள் ஓய்வு வடிவத்துக்குத் திரும்ப, கட்டாயப்படுத்தி நிறுத்திய மூட்டு மட்டும் சுருக்கத்தோடு நிற்கும். ஆகவே துண்டுகளைப் பின்னி முடித்ததும் உடனே மூட்டாமல், நனைத்து, அளவு பார்த்துப் பரப்பி, உலரவிட்டுப் பிறகு தைப்பது வெறும் சடங்கு அல்ல. எந்த அளவோடு மூட்டுகிறோமோ அந்த அளவு துணியின் உண்மையான அளவாக இருக்க வேண்டும்.

உலரப் பரப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கம் முழுக்க நிட் (கண்ணியின் முன்புறம்), மறுபக்கம் முழுக்க பர்ல் (அதன் பின்புறம்) தெரியும் சாதாரணப் பின்னல் துணியை மேசையில் வைத்தால், பக்க விளிம்புகள் பின்புறமாகச் சுருளும். மேல், கீழ் விளிம்புகள் முன்புறமாகச் சுருளும். கண்ணியின் கால்கள் முன்னாலும் தலை பின்னாலும் இருப்பதால், நிமிர விரும்பும் நூல் துணியைத் திசைக்கு ஒரு பக்கமாக வளைக்கிறது. நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறி மாறித் தெரியும் கார்ட்டர் பின்னலில் இந்த விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் விளிம்பு தட்டையாகக் கிடக்கும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெத்தா மட்சுமோட்டோவின் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் சாதாரணப் பின்னல், கார்ட்டர், நிட்டும் பர்லும் நெடுக்குப் பத்திகளாக மாறும் ரிப், கட்டம் கட்டமாக மாறும் சீட் என்ற நான்கு வகைகளை அளந்தார்கள். நிட், பர்ல் கண்ணிகளை அடுக்கும் முறை மட்டும் மாறினாலே துணியின் விறைப்பும் நீட்சியும் திசைக்குத் திசை மாறுவதைக் காட்டினார்கள். நிட், பர்ல் இரண்டும் ஒரே கண்ணிதான், முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்த்தவை. அவற்றின் வரிசையை மாற்றினால் கழுத்துக்கு ரிப், உடலுக்கு சாதாரணம், ஓரத்துக்கு கார்ட்டர் என்று ஒரே நூலில் மூன்று குணங்கள் வருகின்றன. குழந்தைச் சட்டை பின்னுபவர்கள் இதைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

கைத்தையலில் இந்தக் கணக்கை முழுமையாக நிறைவேற்றுவது கிராஃப்டிங். இரண்டு துண்டுகளின் திறந்த கண்ணிகளையும் எதிரெதிராக வைத்து, மழுங்கிய முனையுள்ள ஊசியால், ஒரு புதிய வரிசையின் நூல் எந்தப் பாதையில் போகுமோ அதே பாதையில் நூலை ஓட்டுகிறார்கள். சரியாகச் செய்தால் அங்கே மூட்டு என்று ஒன்று இல்லை. இன்னொரு வரிசை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். துணிக்கு எவ்வளவு சேமிப்போ மூட்டுக்கும் அதே சேமிப்பு. காலுறையின் விரல் முனையை இப்படி முடிப்பதற்குப் பிரிட்டிஷ் படைத்தலைவர் கிட்சனர் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் காலில் தையல் உராயாதிருக்க அவரே இதைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு உருப்படியான ஆதாரம் இல்லை. விலா மூட்டுக்கு மேட்ரஸ் தையல். விளிம்புக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே ஏணிப்படிபோல் தெரியும் குறுக்கு நூல்களை இடமும் வலமுமாகக் கோத்துப்போய் இழுத்தால், இரு விளிம்புகளும் உள்ளே திரும்பி, வெளியே கோடு தெரியாமல் மூடிக்கொள்ளும். பார்வைக்கு மிக நேர்த்தியான தையல் இதுதான், ஆபத்தும் இதில்தான். கோடு மறைய வேண்டும் என்ற ஆசையில் நூலைக் கடைசிவரை இழுத்தால், வளைந்து வளைந்து போன நூல் நேர்கோடாகிவிடும். மூட்டுக்குள் சேமிப்பே மிஞ்சாது. அனுபவம் உள்ளவர்கள் நாலைந்து சென்டிமீட்டர் தைத்ததும் மூட்டை இரு கையாலும் பிடித்து நெடுக்காக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மேலே போவார்கள். இறுகிய நூலுக்குள் கொஞ்சம் நீளம் திரும்ப வந்துவிடும். கழுத்தின் முடிப்பு வரிசைக்கும் இதே நியாயம்தான். ஒரு அளவு தடித்த பின்னல் ஊசியால் முடிக்கச் சொல்வது ஒவ்வொரு கண்ணிக்கும் கூடுதல் நூல் கொடுக்கத்தான்.

எந்திரத் தையலுக்கு வந்தால் இந்தக் கணக்கு எண்ணாகவே கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுத் தையல் எந்திரம் போடும் சாதாரணத் தையலில் மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே கொக்கி போட்டுக்கொள்கின்றன. தையல் நூல் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்குப்படி, ஒரு சென்டிமீட்டர் மூட்டுக்கு இரு நூலும் சேர்ந்து சுமார் 2.5 சென்டிமீட்டர் செலவாகும். அதாவது ஒரு நூலுக்கு 1.25. வளைவெல்லாம் நிமிர்ந்தாலும் கால் பங்குக்கு மேல் அந்தத் தையல் நீள வழியில்லை. நடைமுறையில் அதுகூடக் கிடைக்காது. நான்கு மடங்கு நூலை வைத்திருக்கும் துணியை இப்படிப்பட்ட தையலால் மூட்டினால் முதலில் நூல் அறும், இல்லையென்றால் துணி கிழியும். மூன்று நூல் ஓவர்லாக்கில் அதே ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 14 சென்டிமீட்டர் நூல் போகிறது. அதில் பெரும்பகுதி விளிம்பைச் சுற்றி வரும் லூப்பர் நூல்கள். ஊசி நூலுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்கே 2.8 சென்டிமீட்டர், வீட்டு எந்திரத்தின் ஒரு நூலைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதனால்தான் திருப்பூரில் சாதாரணத் தையல் போடும் சிங்கர் எந்திரத்தைப் பொத்தான் பட்டி, லேபிள் போன்ற விரியத் தேவையில்லாத இடங்களுக்கு வைத்துக்கொண்டு, தோளையும் விலாவையும் ஓவர்லாக்குக்கு விடுகிறார்கள். அங்கே துணி வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து வந்து கத்தியால் வெட்டுப்படுகிறது. வெட்டிய விளிம்பில் கண்ணிகள் வாய் திறந்து நிற்கும். ஒன்று அவிழ்ந்தால் அடுத்ததும் அவிழ்ந்து ஏணிபோல் ஓடும். விளிம்பைச் சுற்றிக் கட்டும் ஓவர்லாக் அந்த ஓட்டத்தையும் தடுக்கிறது. ஊசியின் முனைகூட மாறவேண்டும். கூரான ஊசி கண்ணியின் நூலையே குத்தி அறுத்துவிடும் என்பதால், நூலை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும் உருண்டை முனை ஊசியைப் போடுகிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மூட்டே இல்லாமல் பின்னிவிட்டால் போகிறதே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. எலிசபெத் ஸிம்மர்மன் என்ற இங்கிலாந்தில் பிறந்த அமெரிக்கப் பின்னல் ஆசிரியர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் வாதிட்டார். தைப்பதை விரும்பாத பின்னல்காரர்களுக்கு அவர் ஒரு பெரிய விடுதலை. 1968-இல் அவர் வடிவமைத்த குழந்தைச் சட்டை இன்றும் உலகெங்கும் பின்னப்படுகிறது. முழுச் சட்டையும் கார்ட்டர் பின்னலில் ஒரே துண்டு. பின்னி முடிக்கும்போது எந்த வடிவமும் இல்லாத கந்தைபோல் கிடக்கும், சரியான இடத்தில் மடித்தால் சட்டையாகிவிடும். இந்த வித்தைக்குக் காரணம் கார்ட்டரின் விகிதம். அங்கே இரண்டு வரிசை சேர்ந்து ஒரு வரப்பு. ஒரு வரப்பின் உயரம் ஏறத்தாழ ஒரு கண்ணியின் அகலம். சாதாரணப் பின்னலின் நான்குக்கு மூன்று என்ற தொல்லை இல்லாததால், மூலைகளை 45 பாகையில் திருப்ப முடிகிறது. ஆனால் அந்தச் சட்டையிலும் தோளின் மேல் இரண்டு மூட்டுகள் உண்டு. அவரே அவற்றை விட்டுவைத்தார். எந்திரத்திலும் இந்தக் கனவு நனவாகியிருக்கிறது. கையுறை பின்னும் எந்திரத்தில் தொடங்கிய ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம், முழு உடையையும் மூட்டின்றிப் பின்னும் எந்திரத்தை 1995-இல் மிலான் கண்காட்சியில் காட்டியது. என்றாலும் மூட்டு சும்மா இருக்கும் சுமை இல்லை. தோளிலிருந்து தொங்கும் பருத்திப் பின்னல் தன் எடையாலேயே நீண்டு தளரும். அதைத் தடுத்து நிறுத்தும் எலும்பாகத் தோள் மூட்டு வேலை செய்கிறது. குழந்தைச் சட்டையின் எடை குறைவு என்பதால் இங்கே ஸிம்மர்மன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். தவிர்க்கக்கூடிய மூட்டைத் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாததைக் கணக்கோடு தைக்க வேண்டும்.

கழுத்தில் நாடா கோத்துச் சுருக்கிக்கொள்ளலாமே, நீட்சிக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு விடை பாதுகாப்புத் தரவிதிகளிலேயே இருக்கிறது. நாடா எதிலாவது மாட்டி இறுகும் ஆபத்து இருப்பதால், ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் சுருக்கு நாடாவை ஐரோப்பியத் தரவிதி தடுக்கிறது. குழந்தைத் துணி மூன்று மாதத்தில் சிறுத்துவிடும், அதற்குள் மூட்டு கெட்டால் என்ன குறை என்றும் சிலர் சொல்வார்கள். சிறுப்பது உண்மைதான். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தை ஓராண்டில் சுமார் 75 சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது. ஆனால் இந்த உண்மை அவர்கள் நினைப்பதற்கு எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. ஒவ்வொரு வாரமும் உடல் பெருக்கும்போது அந்தப் பெருக்கத்துக்கு இடம்கொடுக்க வேண்டியது துணியின் சேமிப்பு. மூட்டு விட்டுக்கொடுக்காத சட்டை மூன்று மாதத்துக்கு முன்பே சிறுத்துவிடும். மூட்டும் சேர்ந்து விரிகிற சட்டை அடுத்த குழந்தைக்கும் போகும்.

எதிர்வாதங்களில் மிகக் கடினமானது தோல் பற்றியது. குழந்தையின் தோலில் மேலடுக்கான கொம்புப் படலம் வளர்ந்தவர்களுடையதைவிடச் சுமார் 30 சதவீதம் மெல்லியது. நீட்சிக்காக 14 மடங்கு நூலைக் குவித்த ஓவர்லாக் மூட்டு உட்புறம் வரப்பாக எழும்பி நிற்கும். பெரும்பாலும் படுத்தே இருக்கும் உடலில் அது அக்குளிலும் முதுகிலும் பதியும். நீட்சியும் தட்டைத்தன்மையும் இங்கே மோதிக்கொள்கின்றன; இரண்டையும் முழுமையாகத் தரும் மூட்டு மலிவாகக் கிடைப்பதில்லை. துணியின் இரு விளிம்புகளையும் முட்ட வைத்து மேலும் கீழும் நூல் பரப்பும் ஃபிளாட்லாக் நன்றாக விரியும், தட்டையாகவும் கிடக்கும். நூலையும் நேரத்தையும் அதிகம் கேட்கும். மூட்டை வெளிப்புறமாகத் திருப்பித் தைப்பது பழைய உபாயம், குறைமாதக் குழந்தைகளுக்கான உடைகளில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பார்க்க உள்வெளி மாற்றிப் போட்ட சட்டைபோலத் தெரியும் என்பதைத் தவிர அதில் குறை இல்லை. அழகுக்கும் கணக்குக்கும் போட்டி வந்தால் குழந்தையின் தோல் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. கைப்பின்னலில் இந்த மோதல் தணிவாகவே இருக்கிறது. கிராஃப்டிங்கில் வரப்பே எழாது, மேட்ரஸ் தையலில் விளிம்புக் கண்ணியின் பாதியை மட்டும் உள்ளே திருப்பினால் வரப்பு பாதியாகக் குறையும்.

உறுத்துவது வரப்பு மட்டும் அல்ல. கம்பளி குத்துகிறது என்று சொல்லும்போது, உண்மையில் குத்துவது நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இழைகளின் முனைகள். மெல்லிய இழை தோலில் பட்டதும் வளைந்து கொடுக்கும். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை வளையாமல் நின்று நரம்பைத் தூண்டும். ஒரே நீளமுள்ள இழைகள் வளைந்துகொடுக்கும் விசை விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் தாங்கும் விசை பதினாறு மடங்கு. 20 மைக்ரானுக்கு உட்பட்ட மெரினோ உறுத்தாமல் இருப்பதும், ஒட்ட வெட்டிய நைலான் தையல் நூலின் மொட்டை முனை கழுத்தில் முள்ளாகக் குத்துவதும் இந்த ஒரே கணக்கால்தான். லேபிளை முழுக்க எடுத்துவிட்டுத் துணியிலேயே அச்சடிக்கும் வழக்கம் குழந்தை உடைகளில் பரவியதற்கும் இதில் பங்கு உண்டு. ஏற்றுமதி ஆலைகளில் உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடிச் சேர்த்துக் கணக்கில் ஒட்டிவைப்பதும், குழந்தை உடைகளை உலோகம் காட்டும் கருவி வழியாக அனுப்புவதும் வேறு வகை முனையைப் பற்றிய அச்சம்.

நூல் முனை உறுத்துவதோடு நிற்பதில்லை. கையுறைக்குள், காலுறைக்குள் தளர்ந்து தொங்கும் நூல் பச்சிளங்குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு, குழந்தை கையை ஆட்ட ஆட்ட இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தலைமுடியாலும் இது நேர்வதுண்டு. விரல் வீங்குவது உறைக்கு வெளியே தெரியாது, குழந்தையால் அழ மட்டுமே முடியும். காரணம் புரியாமல் வீறிடும் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் கைவிரல்களையும் கால்விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதனால்தான். இரண்டு நிறத்தில் பூவேலை பின்னி, உட்புறம் நூல்களைத் தொங்கலாகத் தாண்டவிடும் கையுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதுக்கு ஆகாது. எந்தக் கையுறையையும் போட்டுவிடும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி ஒருமுறை பார்ப்பது நல்லது. மூட்டை முடிக்கும்போது முடிச்சு போட்டு ஒட்ட வெட்டினால், விரியாத முடிச்சு விரியும் துணியோடு இழுபட்டு, சில சலவைகளில் அவிழ்ந்து முனையை வெளியே விடும். அதற்குப் பதில் மீதி நூலைக் கண்ணிகளின் பாதையிலேயே சில சென்டிமீட்டர் ஓட்டி, திசை மாற்றி மறுபடியும் கொஞ்சம் ஓட்டிப் பிறகு வெட்டுகிறார்கள். அப்படி ஓட்டிய நூல் கண்ணிகளோடு சேர்ந்து வளைந்திருப்பதால், துணி விரியும்போது கூடவே விரிந்து, சுருங்கும்போது கூடவே சுருங்குகிறது. வெளியே வர அதற்கு அவசியம் ஏற்படுவதில்லை.